வன்னி முதியோர் இல்லங்களில் எதை முதலில் ஆராய்வது? அதை யார் தீர்மானிப்பது?

இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள முதியோர் இல்லங்களுக்கு ஆய்வு செய்ய வருபவர்கள் பெரும்பாலும் கேள்வியையும் கையோடு கொண்டுதான் வருகிறார்கள். வினாக்கொத்து முன்கூட்டியே அச்சாகியிருக்கும். மனச்சோர்வு எத்தனை வீதம், நீரிழிவு எத்தனை வீதம், உறவினர் மாதத்தில் எத்தனை தரம் வந்து பார்க்கிறார்கள். ஆச்சிமாரும் அப்புமாரும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஆய்வேடு கட்டி முடியும். இல்லத்தில் எதுவும் மாறியிருக்காது. எண்ணிக்கை எடுப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் அங்கே இருப்பவரின் நாள் கொஞ்சமாவது இலகுவாகும் என்பது, அங்கே இருப்பவருக்கும் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுபவருக்கும்தான் முதலில் தெரியும். அவர்களிடம் கேட்காமல் போடப்படும் எந்த முன்னுரிமைப் பட்டியலையும் நான் நம்புவதில்லை.

இப்படிக் கேட்டுப் பட்டியல் போடுவதற்கு ஒழுங்கான முறைகள் உண்டு. பிரித்தானியாவில் 2004 இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் முறை அவற்றில் நன்றாக அறியப்பட்டது. நோயாளர், பராமரிப்போர், மருத்துவத் துறையினர் மூவரையும் சமமாக உட்கார வைப்பதுதான் அதன் அடிப்படை. வழிநடத்தும் குழு ஒன்று அமைப்பார்கள், பரவலாகக் கேள்விகளைச் சேர்ப்பார்கள், ஒத்தவற்றை ஒன்றாக்குவார்கள். விடை ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு நீளப் பட்டியலைச் சுருக்கி, கடைசியில் ஒரு நாள் கூடிப் பேசி முதல் பத்தை எடுப்பார்கள். இன்னொன்று, சிறுவர் நலத்துக்காக உருவாகிப் பிறகு பல துறைகளுக்கும் பரவிய முறை. அதில் நிபுணர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி போடுவார்கள்: விடை காண முடியுமா, பயன் தருமா, நடைமுறைப்படுத்தலாமா, நோய்ச்சுமையைக் குறைக்குமா, எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேருமா. நிதி கொடுப்பவருக்கு இது வசதி. ஆனால் புள்ளி போடுபவர்கள் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள். இல்லத்துக்கு முதல் முறைதான் பொருந்தும், அதையும் அப்படியே எடுத்து வைக்க முடியாது.

ஏனென்றால் அந்த முறை படிவம் நிரப்பக்கூடியவர்களையும், மின்னஞ்சல் பார்ப்பவர்களையும், பக்கத்தில் ஒரு மகளோ மகனோ இருப்பதையும் எடுகோளாக வைத்துக்கொள்கிறது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிலைமை வேறு. 2009 வரை நடந்த போர் பலரின் பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது. சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள், சிலர் கடல் கடந்து போனார்கள். குடும்பத்தார் என்ற நிரலில் எழுத ஆள் இல்லாதவர்கள் இல்லங்களில் இருக்கிறார்கள். கால் இழந்தவர்கள், உடம்பில் ஷெல் துண்டோடு இருப்பவர்கள், பல தரம் இடம்பெயர்ந்ததில் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை எல்லாம் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 வீதம், இந்தத் தொகை கூடிக்கொண்டே போகிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பார்க்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்கிறது. பிள்ளையே இல்லாத இடத்தில் இல்லம்தான் அந்தப் பிள்ளை.

கேள்வி சேகரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே கோட்டை விட்டால், பின்னால் எவ்வளவு நேர்த்தியாக வரிசைப்படுத்தினாலும் வெளிவருவது தவறான பட்டியல்.

முதலில் வழிநடத்தும் குழு. பத்துப் பேர் போதும்: இல்லவாசிகள் மூன்று பேர், உறவினர் ஒருவர், பராமரிப்பாளர்கள் மூன்று பேர், தாதி ஒருவர், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், ஆய்வு தெரிந்த ஒருவர். பராமரிப்பாளர் மூவரில் ஒருவர் கட்டாயம் இரவு வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். கேள்வி சேகரிக்கும்போது சமையல் செய்பவரையும் துப்புரவு செய்பவரையும் விட்டுவிடுவது வழக்கம். அது பெரிய இழப்பு. யார் சோற்றை மிச்சம் வைக்கிறார், யாருடைய படுக்கை விரிப்பு அடிக்கடி நனைகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதியை இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும். ஆராய்ச்சி இன்னும் தொடங்கவில்லையே என்று தள்ளிப்போட்டால், பின்னர் சேகரித்த பேச்சைப் பயன்படுத்த முடியாமல் போகும். எழுதத் தெரியாதவரின் சம்மதத்துக்குப் பெருவிரல் அடையாளத்தோடு சாட்சி ஒருவரும் வேண்டும். அந்தச் சாட்சி இல்லத்து நிர்வாகியாக இருக்கக் கூடாது.

இனிக் கேட்பது. "உங்களுக்கு என்ன ஆராய்ச்சி வேணும்?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். "இங்க என்ன குறை?" என்றால் வருகிற பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "ஒரு குறையுமில்லைப் பிள்ளை, நல்லாப் பாக்கினம்." அது நன்றியாகவும் இருக்கலாம், போக வேறு இடமில்லை என்ற பயமாகவும் இருக்கலாம். இரண்டையும் கேட்பவர் மதிக்க வேண்டும். கேள்வியைத் திருப்பிப் போட்டால் வாய் திறக்கும்: "நாளைக்குப் புதுசா ஒரு ஆச்சி இங்க வந்தா, அவவுக்கு என்னென்ன சொல்லிக் குடுப்பியள்?" அப்போது வரும், எந்தக் கிணற்றுக் கட்டு வழுக்கும், எந்தக் குளிசையைச் சாப்பிட்டால் தலை சுற்றும், இரவில் யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது என்றெல்லாம். இந்தக் கடைசி வகைப் பதில் வரும்போது பொறுப்பாளர் அறையில் இருக்கக் கூடாது. கேட்கிறவர் "ஆச்சி", "அப்பு" என்று உறவு முறையில் பேசி, கதிரையை இழுத்துப் போட்டு, அவருடைய கண் மட்டத்தில் இருந்து கேட்க வேண்டும். நின்றபடி, பட்டியலைப் பார்த்துக் கேட்டால் அது கிளினிக் போலத்தான் இருக்கும்.

நேரமும் முக்கியம். காலைச் சாப்பாடும் குளிப்பும் முடிந்து, ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில். மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே யாருக்கும் யோசிக்க வராது. ஒருவருக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; தேவையென்றால் இன்னொரு நாள் வரலாம். கண்ணாடி போட்டிருக்கிறாரா, கேட்கிற காது எது என்று முதலே பராமரிப்பாளரிடம் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். ஒரு விடயத்துக்கு ஒரு துண்டுத்தாள். பின்பக்கத்தில் சொன்னவர் இல்லவாசியா, உறவினரா, பராமரிப்பாளரா, தாதியா என்று ஒரு குறி மட்டும். பெயர் வேண்டாம்.

மறதிநோய் உள்ளவர்களையும், பக்கவாதத்தால் பேச்சு இழந்தவர்களையும் சேர்ப்பது கடினம். ஆனால் அவர்களைத் தவிர்த்துவிட்டால் இல்லத்தின் மிகப் பாரமான பராமரிப்பு பட்டியலில் இல்லாமல் போகும். படம் போட்ட அட்டைகள் (சாப்பாடு, குளிப்பு, படுக்கை, கழிவறை, ஆட்கள், வலி) சிலருக்கு உதவும். அதுவும் முடியாதவருக்கு அருகில் இருபது நிமிடம் அமைதியாக இருந்து, எந்த நேரத்தில் முகம் சுளிக்கிறார், எப்போது கையைத் தட்டிவிடுகிறார் என்று குறிக்கலாம். நீண்ட நாள் பார்க்கும் பராமரிப்பாளரிடம் அவர் சார்பில் கேட்கலாம். ஆனால் சார்பில் சொன்னதைத் தனியாக வைக்க வேண்டும். மறதிநோய் உள்ளவர் தன் வாழ்வைப் பற்றித் தானே சொல்வதைவிட, அவருக்காக மற்றவர் சொல்லும்போது நிலைமை மோசமாகத்தான் மதிப்பிடப்படுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. புலம்பெயர்ந்த உறவினருக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு போதும். ஆனால் அவர்கள் தொகை கூடிவிட்டால் பட்டியல் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

சேர்ந்த துண்டுகளை மேசையில் கொட்டினால் மூன்று குவியல் வரும்.

முதலாவது, ஆராய்ச்சியே தேவையில்லாதவை. மெத்தை கிழிந்திருக்கிறது, மின்விசிறி சுற்றுவதில்லை, பம்பஸ் போதவில்லை. இவற்றை அதே வாரம் எழுதி நிர்வாகத்திடமும் சமூக சேவைத் திணைக்களத்திடமும் கொடுக்க வேண்டும். ஆய்வுக்காரருக்கு இது வேலையில்லை என்று ஒதுக்கினால், அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்; திறக்கவும் தேவையில்லை.

இரண்டாவது, விடை ஏற்கெனவே உள்ளவை. மறதிநோய் உள்ளவர் இரவில் சத்தம் போட்டால் தூங்க வைக்கிற குளிசை கொடுக்கலாமா என்று பராமரிப்பாளர் கேட்பார். அப்படிக் கொடுக்கப்படும் மனநோய்க்கான மருந்துகள் மறதிநோய் உள்ள முதியோரில் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005 இல் புதிய வகை மருந்துகளுக்கும், 2008 இல் பழைய வகைகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. இங்கே தேவைப்படுவது புதிய ஆய்வு அல்ல. அதற்குப் பதிலாக இரவில் என்ன செய்வது என்ற பயிற்சிதான் வேண்டும்: வலி இருக்கிறதா, சலம் அடைத்திருக்கிறதா, மலச்சிக்கலா, காய்ச்சலா என்று முதலில் பார்ப்பது.

மூன்றாவது குவியல்தான் உண்மையான கேள்விகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே கவனம் தேவை. வேறு நாட்டில் விடை இருப்பதால் நமக்கும் விடை இருக்கிறது என்று ஆகாது. படுக்கையில் கிடப்பவரை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது? அமெரிக்காவிலும் கனடாவிலும் பராமரிப்பு இல்லங்களில் செய்து 2013 இல் வெளியான ஆய்வில், 2 மணி, 3 மணி, 4 மணி என்று திருப்பியதில் படுக்கைப்புண் வருவது வேறுபடவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் படுத்தது அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தையில். நம்மிடம் தும்பு மெத்தை, அல்லது அமுங்கித் தட்டையாகிப்போன மெல்லிய ஸ்பொஞ். மேலே றெக்சின் உறை, அதற்குள் வியர்வை. இரவுக்கு ஒரே ஒரு பராமரிப்பாளர். ஆகவே கேள்வி இப்படி மாறும்: இந்த மெத்தையில், இந்த வெக்கையில், இரவில் ஒருவர் மட்டும் இருக்கும்போது எந்த இடைவெளி தோலைக் காக்கும், மெத்தைக்குக் காசு போடுவது நல்லதா, இன்னொரு ஆளுக்குப் போடுவது நல்லதா? இதற்கு யாரிடமும் விடை இல்லை.

சாப்பாட்டுக் கேள்வியும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவில் 60 இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்து 2021 இல் வெளியான ஆய்வில், பால், யோகட், சீஸ் கூட்டிக் கொடுத்ததால் எலும்பு முறிவு 33 வீதமும் இடுப்பெலும்பு முறிவு 46 வீதமும் விழுவது 11 வீதமும் குறைந்தன. சீஸுக்கு நாம் எங்கே போவது? பசுப்பாலும் தயிரும் வன்னியில் உண்டு. முட்டை, கௌபி, பயறு, தலையோடு அரைத்த நெத்தலி, முருங்கையிலை உண்டு. இவற்றால் அதே அளவு புரதமும் கல்சியமும் ஒரு தட்டில் வருமா, பல்லில்லாத ஆச்சி அதைச் சாப்பிடுவாவா, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகும்? சிறுநீரக நோய் பரவியிருக்கும் வவுனியாவின் சில பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவது பொருந்துமா என்பதையும் அதற்குள் சேர்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வியை வேறு நாட்டுக்காரர் யாரும் நமக்காகக் கேட்கப் போவதில்லை. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் வெளிநாட்டில் இருப்பவர்கள் இல்லத்தில் சாப்பாடு கொடுப்பது நல்ல வழக்கம். பல இல்லங்கள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் அன்றைக்குப் பாயாசமும் கேக்கும் வரும், சாப்பாடு பிந்தும். காலையிலும் மாலையிலும் போடும் கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னர் போடச் சொல்வார்கள். ஊசியைப் போட்டுவிட்டு, கொடுப்பவர் வந்து, தேவாரம் பாடி, படம் எடுத்து முடியும்வரை இரவுச் சாப்பாடு ஒன்றரை மணி பிந்தினால் சீனி இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். வயது போனவருக்குச் சில வேளை வெறும் தடுமாற்றமாக மட்டும் தெரியும். "ஆச்சிக்கு அறளை" (வயதுபோன தடுமாற்றம்) என்று விட்டுவிடுவார்கள். தானத்தை நிறுத்தாமல், நேரத்தையும் தட்டையும் எப்படி ஒழுங்குபடுத்துவது? என் பார்வையில் இது முதல் ஐந்துக்குள் வரத் தகுதியுள்ளது. ஆனால் என் பார்வைக்கு ஒரு வாக்குத்தான்.

துண்டைக் கேள்வியாக மாற்றுவதை ஒரு உதாரணத்தில் நிதானமாகப் பார்க்கலாம். "இரவில சலத்துக்கு எழும்பப் பயமாக் கிடக்கு" என்று ஒரு துண்டு. கழிவறை கட்டிடத்தை விட்டுத் தள்ளி, வெளியே. நடுவில் ஒரு படி. குந்தியிருக்கும் வகை, முழங்கால் மடங்காது. மின்சாரம் போனால் இருட்டு. மாரியில் பாசி வழுக்கும், பாம்புப் பயமும் உண்டு. பிறஷருக்கோ கால் வீக்கத்துக்கோ கொடுத்த சலம் போகும் குளிசை, உறையில் "பி.டி." என்று எழுதியிருப்பதால் காலையிலும் இரவிலும் போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் என்பதுதான் அதன் பொருள். இரண்டாவதைப் பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கே கொடுத்துவிடலாமா என்று வைத்தியரிடம் கேட்டால் இரவு எழும்புவது குறையும். எழும்பப் பயந்து பலர் பின்னேரமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில், அந்த வறட்சியில், அது சலத்தில் கிருமித்தொற்றையும் மலச்சிக்கலையும் தலைச்சுற்றையும் கொண்டுவரும். தலைச்சுற்று விழுத்தும்.

இதை ஆய்வாளர் "முதியோர் இல்லங்களில் விழுதலின் பரம்பல்" என்று எழுதினால் கேள்வி செத்துவிட்டது. யாருக்கு, எதைச் செய்தால், எதோடு ஒப்பிட்டு, என்ன மாறும் என்ற நான்கும் உள்ளே வர வேண்டும்: இரவில் எழும்பும் இல்லவாசிகளுக்கு, கட்டிலருகே கொமோட் கதிரையும் மின்கல விளக்கும் வைத்துக் குளிசை நேரத்தையும் மாற்றினால், இப்போதுள்ள நிலையோடு ஒப்பிடும்போது, பயமும் விழுவதும் குறைந்து குடிக்கும் தண்ணீர் கூடுமா? பயத்தை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. அந்த ஆச்சி சொன்னது பயத்தைத்தான். விழாமலே பயத்தில் முடங்கிப் போனவர்களின் கால் தசை உருகிவிடும். அதுவும் அளக்கக்கூடிய விளைவுதான். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, அது பிறந்த துண்டின் சொற்களை அப்படியே ஒட்டி வைக்க வேண்டும்.

இப்படி வந்தால் நாற்பது, ஐம்பது கேள்வி நிற்கும். அதை ஒருவரிடம் ஒரே தடவையில் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வது நடக்காது. பன்னிரண்டு பன்னிரண்டு கேள்வியாகப் பிரித்து, வெவ்வேறு நாளில், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிரட்டை வைத்து, ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள். முக்கியம் என்று நினைப்பதில் எத்தனையும் போடலாம். கைநடுக்கம் உள்ளவருக்கு அவர் காட்டும் சிரட்டையில் வேறொருவர் போடலாம். ஒவ்வொரு நாளிலும் கூடக் கொட்டை விழுந்தவை அடுத்த சுற்றுக்குப் போகும். எண்ணும்போது கொட்டைகளை மொத்தமாகக் கூட்டக் கூடாது. உத்தியோகத்தர்களையும் தாதியரையும் சேர்ப்பது எளிது. அவர்கள் தொகை கூடினால் அவர்கள் விருப்பம்தான் வெல்லும். இல்லவாசிகள், உறவினர், பராமரிப்பாளர், மருத்துவத் துறையினர் என்று தனித்தனியே வரிசை எடுத்து, அந்த வரிசை எண்களைத்தான் சேர்க்க வேண்டும். ஒரு தரப்புக்கு மிக மேலேயும் மற்றவர்க்கு மிகக் கீழேயும் வரும் கேள்வியைத் தூக்கி எறியாதீர்கள். கடைசிக் கூட்டத்தில் பேச வேண்டியது அதைத்தான்.

கடைசிக் கூட்டத்துக்கு இருபது கேள்வி, இருபதிலிருந்து இருபத்தைந்து பேர். பிரித்தானியாவில் ஒரே நாளில் முடிப்பார்கள்; இங்கே இரண்டு காலைப்பொழுதாகப் பிரிப்பதுதான் சரி. வாகனத்தின் படி உயரம், மண்டபத்துக் கழிவறை, இன்சுலின் போடுபவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு, ஒவ்வொருவருக்கும் துணை ஆள், இல்லத்தில் அன்றைக்கு வேலைக்கு வர மாற்றுப் பராமரிப்பாளரின் சம்பளம், இவை எல்லாம் செலவுத் திட்டத்தில் முன்பே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தால் பராமரிப்பாளர் யாரும் வரமாட்டார்கள்.

ஏழெட்டுப் பேர் கொண்ட மூன்று குழு. ஒவ்வொரு கேள்வியும் பெரிய எழுத்தில் ஒரு ஏ-4 அட்டையில், பக்கத்தில் ஒரு படம். வாசித்தும் காட்ட வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தனக்கு மேலான மூன்றையும் கீழான மூன்றையும் காரணத்தோடு சொல்வார். குறுக்கே யாரும் பேசக் கூடாது. இரண்டாவதில் அட்டைகளை மேசையில் நகர்த்தி வரிசையாக்குவது. பின் மூன்று குழுவின் வரிசையையும் சேர்த்து, ஆட்களைக் கலைத்துப் புதுக் குழுக்களாக்கி மறுபடி. முடிவில் எல்லோரும் சேர்ந்து முதல் பத்தை உறுதிசெய்வது.

இதில் கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான். டொக்டர் முதலில் பேசிவிட்டால், "ஐயா சொல்றது சரிதான்" என்று மேசையே தலையாட்டும். ஆகவே பேசும் வரிசையில் இல்லவாசி முதல், பராமரிப்பாளர் அடுத்து, மருத்துவர் கடைசி. கை உயர்த்தி வாக்கெடுக்க வேண்டாம். மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, யாருடைய கை எப்படி உயரும்? குழுவை நடத்துபவர் அந்தத் துறையோடு சம்பந்தமில்லாதவராக இருப்பது நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அழகாகச் செய்வார்.

பட்டியல் வந்த பின் அடுத்த பொறி காத்திருக்கிறது. வன்னியின் இல்லங்கள் சிறியவை, தொகையும் குறைவு. முப்பது பேர் உள்ள இல்லத்தில் மாதம் மூன்று பேர் விழுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர், முப்பது நாள்: 900 ஆள்-நாளுக்கு மூன்று, அதாவது 1000 ஆள்-நாளுக்கு 3.3. மூன்று மாதத்தில் ஒன்பது பேர். நீங்கள் செய்த மாற்றம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் ஆறாகும். ஆனால் ஒன்பது என்ற எண்ணிக்கை எந்த மாற்றமும் செய்யாமலே தற்செயலாக மூன்று கூடிக் குறையும். ஆகவே மூன்று மாத ஆய்வு ஒன்றையும் காட்டாது. ஒரே இல்லத்தில் முன்னும் பின்னும் பார்ப்பதை விட்டு, பல இல்லங்கள் சேர்ந்து, மாற்றத்தை ஒவ்வொரு இல்லமாக வெவ்வேறு மாதத்தில் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் மாதாமாதம் எண்ண வேண்டும். எல்லோரும் விழுவதை ஒரே மாதிரி வரையறுத்திருக்க வேண்டும்: அடிபட்டால்தான் எழுதுவதா, நிலத்தில் இருக்கக் கண்டாலே எழுதுவதா? யாழ்ப்பாண இல்லங்களையும் இணைக்காமல் பெரிய கேள்விகளுக்கு விடை காண முடியாது. சிறிய கேள்விகள், குளிசை நேரம் போன்றவை, ஒரு இல்லத்தோடு நடக்கும்.

முதல் பத்தையும் ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு இல்லத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும். பத்துக்குள் வராதவற்றையும், ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து. யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களின் மேற்பார்வையாளர்களுக்கும், மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும், புலம்பெயர் அமைப்புகளுக்கும் கேள்விக்கு ஒரு பக்கமாகக் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் மூல துண்டின் வாசகம், ஏற்கெனவே தெரிந்தது, தெரியாதது, எத்தனை இல்லம் தேவை, உத்தேசச் செலவு. துண்டுகளைப் பூட்டி வைத்திருங்கள். பட்டியலில் ஆண்டைப் பொறித்து, நான்கைந்து வருடத்தில் திரும்பவும் சிரட்டையையும் புளியங்கொட்டையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போது கேட்கப்படுபவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்களாக இருப்பார்கள், அவர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கும்.